மவுஸில் ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிவாகிறது. சரிசெய்யலாமா, புதிது வாங்க வேண்டுமா?

பெரும்பாலும் சரிசெய்யலாம். முதலில் மவுஸை வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கும் அப்படியே நடந்தால் கோளாறு மவுஸுக்குள்தான் இருக்கிறது. கணினியின் அமைப்புகளை மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இடது பொத்தானுக்கு அடியில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறது. அழுத்தும்போது அதனுள் உள்ள மெல்லிய உலோகத் தகடு வளைந்து எதிர்முனையைத் தொடும். நாளடைவில் தகடு தளரும், தொடும் இடத்தில் கறை படியும். அப்போது தொடர்பு கண்ணிமைக்கும் நேரத்துக்குள் விட்டுவிட்டு ஏற்படுகிறது. கணினி அதை இரண்டு அழுத்தங்களாக எண்ணிவிடுகிறது.

மவுஸைக் கழற்றும்போது அவசரப்பட்டு நெம்பாதீர்கள். பல மவுஸ்களில் திருகுகள் அடிப்பக்க வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே ஒளிந்திருக்கும். கம்பியில்லா மவுஸ் என்றால் பேட்டரியை முதலில் எடுத்துவிடுங்கள். மின் இணைப்புகளைத் துடைப்பதற்கென்றே விற்கும் திரவத்தை சுவிட்சுக்குள் ஒரு சொட்டு விட்டுப் பலமுறை அழுத்தினால் சில காலம் தாங்கும். சுவிட்சையே மாற்றுவதுதான் நிலையான வழி. பெரும்பாலான சுவிட்சுகளில் மூன்று உலோகக் கால்கள்தான். சால்டரிங் (உலோகத்தை உருக்கி ஒட்டும் வேலை) தெரிந்த கடைக்காரர் எளிதில் மாற்றிவிடுவார்.

மலிவான மவுஸுக்கு இந்தச் செலவு தேவையில்லை, புதிது வாங்குங்கள். கைக்குப் பழகிய நல்ல மவுஸைத் தூக்கி எறிய மட்டும் நான் சம்மதிக்கமாட்டேன்.