சிறுவிமானமும் மெத்தனமும்: கேள்வி பதில்

சொந்த லைசென்ஸில் சிறுவிமானம் ஓட்டுபவர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் பயிற்சியாளன், அதனால் கொஞ்சம் திட்டும் கலந்திருக்கும்.

கேள்வி: 200 மணி நேரம் ஓட்டியாயிற்று சார். புறப்படும் முன் செய்யும் சோதனைகள் எல்லாம் மனப்பாடம். இன்னும் செக்லிஸ்ட் வேண்டுமா?

பதில்: மனப்பாடம் ஆனதுதான் சிக்கலே. கை பழக்கத்தில் போய்க்கொண்டிருக்கும், கண் எதையும் பார்க்காது. 1935-ல் போயிங்கின் மாடல் 299 என்ற குண்டுவீச்சு விமானம் கிளம்பிய வேகத்திலேயே விழுந்தது. நிறுத்தி வைக்கும்போது காற்றில் ஆடாமலிருக்க சுக்கான்களுக்குப் போடும் பூட்டை எடுக்காமலே கிளம்பியிருந்தார்கள். விமானிகளிடையே செக்லிஸ்ட் பழக்கம் வேர்விட்டது அதற்கப்புறம்தான். 2014-ல் அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட், அதே மாதிரிப் பூட்டோடு ஓடி, எழும்ப முடியாமல் ஓடுபாதையைத் தாண்டிப் போய் எரிந்தது. ஏழு பேர் இறந்தார்கள். பதிவுக் கருவியை எடுத்துப் பார்த்தால், அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் இரண்டில்தான் சுக்கான்களை முழுதாக ஆட்டிச் சோதித்திருந்தார்கள். ஓட்டிய இருவரும் தொழில்முறை விமானிகள். மீதி 173 தடவையும் ஒன்றும் ஆகவில்லை என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

கேள்வி: எரிபொருள் முள்ளை நம்பலாமா?

பதில்: வேண்டாம். மூடியைத் திறந்து, அளவுகோலை டேங்க்கில் விட்டுப் பாருங்கள். போய்ச் சேர்ந்த பிறகும் பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் பறக்கக் கையிருப்பு வேண்டும் என்பது அமெரிக்க விதி. நான் எப்போதும் ஒரு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்வேன்.

கேள்வி: மேகம் தாழ்வாக இருந்தால் அடியிலேயே போய்விடலாமே? இரண்டு முறை போயிருக்கிறேன்.

பதில்: போய் வந்துவிட்டீர்கள். அதனாலேயே மூன்றாம் முறை இன்னும் தாழ்ந்த மேகத்துக்கும் கிளம்புவீர்கள். வெளியே ஒன்றும் தெரியாதபோது உள்காது ஏமாற்றும். விமானம் மெல்லச் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும், உடம்போ நேராகப் போகிறோம் என்று சொல்லும். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரைச் சோதித்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 வினாடியில். மூன்று நிமிடம்கூட இல்லை! இதற்கு மேகம்தான் வேண்டும் என்றில்லை. 1999-ல் அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர், தான் ஓட்டிய விமானத்தோடு கடலில் விழுந்தது, மூட்டமான இரவில் கீழ்வானம் தெரியாமல் திசையுணர்வு தவறியதால்தான். தரையில் இருக்கும்போதே ஒரு எண்ணை எழுதி வையுங்கள்: மேகத்தின் அடிப்பகுதி இத்தனை அடி உயரத்துக்குக் கீழே வந்தால் திரும்பிவிடுவேன் என்று. மேலே போன பிறகு அந்த எண்ணோடு பேரம் பேசாதீர்கள்.

கேள்வி: குடும்பத்தோடு போகிறேன். திங்களன்று எல்லாருக்கும் வேலை இருக்கிறது. வானிலை கெட்டால்?

பதில்: கிளம்பும் முன்பே அவர்களிடம் "ஒரு நாள் தங்க நேரலாம், தரைவழியாகவும் திரும்ப நேரலாம்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால், வாக்குக் கொடுத்தாயிற்றே என்ற நினைப்புதான் ஓட்டும், நீங்கள் அல்ல. ஒரு நண்பரை வேலைக்கு நேரத்தோடு சேர்த்துவிட வேண்டும் என்று நானும் ஒருமுறை மழைக்கடியில் நுழைந்திருக்கிறேன். கீழே மரக்கிளைகள் தனித்தனியாகத் தெரிந்தபோதுதான் திருப்பினேன். அவர் மறுநாள்தான் வேலைக்குப் போனார், அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம்.

கேள்வி: எனக்கு மெத்தனம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உங்களால் தெரிந்துகொள்ள முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்களை அதிகம் பழக்கமில்லாத ஒரு பயிற்சியாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டுங்கள். எதைத் தவறவிட்டீர்கள் என்று இறங்கிய பிறகு சொல்லச் சொல்லுங்கள்.