அமீனா முதல் நீதியரசர் வரை: வாசகர் கேள்விகள்

கே: மதுரைக் கிளை தனி உயர் நீதிமன்றமா?

ப: இல்லை, சென்னை உயர் நீதிமன்றத்தின் கிளைதான். 2004 ஜூலையில் தொடங்கியது. நீதிபதிகள் இரண்டு இடத்துக்கும் பொது. யார் எங்கே உட்கார வேண்டும், எந்த வகை வழக்கைப் பார்க்க வேண்டும் என்பதைத் தலைமை நீதிபதி ரோஸ்டர் போட்டு முடிவுசெய்கிறார்.

கே: நில வழக்கில் தோற்றுவிட்டேன். எங்கே அப்பீல் போடுவது?

ப: தோற்றது எந்தக் கோர்ட்டில்? தீர்ப்புத் தேதி என்ன? இரண்டுமே கடிதத்தில் இல்லை. பங்காளியின் குணம்தான் பக்கம் பக்கமாக இருக்கிறது. முன்சீப் கோர்ட் என்றால் பெரும்பாலும் சார்பு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கேயும் தோற்றால் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு உண்டு. ஆனால் முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் எடுப்பார்கள். கெடு சார்பு நீதிமன்றத்தில் 30 நாள், உயர் நீதிமன்றத்தில் 90 நாள். எப்போதும் சொல்வதுதான்: தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போடுங்கள். நகல் தயாராக ஆகும் நாட்களைக் கெடுவில் கழித்துவிடுவார்கள். மனு போடாமல் வீட்டில் இருந்த நாட்களைக் கழிக்க மாட்டார்கள்.

கே: தாசில்தாரும் மாஜிஸ்திரேட்தானே, அவரிடமே வழக்குப் போடலாமா?

ப: அவர் நிர்வாக மாஜிஸ்திரேட். குற்ற வழக்கை விசாரித்துத் தண்டனை கொடுப்பது நீதித்துறை நடுவரின் வேலை. அந்த நடுவர் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறார், கலெக்டரின் கீழ் இல்லை. கலெக்டரிடம் மனுக் கொடுத்துத் தீர்ப்பை மாற்றித் தருகிறேன் என்று காசு கேட்பவரை வாசலோடு அனுப்புங்கள்.

கே: நீதிபதிகளை இரண்டு மடங்காக்கினால் வழக்குகள் தீர்ந்துவிடும் அல்லவா?

ப: நீதிபதிகள் போதாது என்பது உண்மை. 10 லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-லேயே சொன்னது. ஐந்தே ஆண்டில் அதை எட்ட வேண்டும் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்றும் பாதியைத் தாண்டவில்லை. கீழமை நீதிமன்றங்களில் மட்டும் 4 கோடி வழக்குகளுக்கு மேல் தேங்கிக் கிடக்கின்றன.

ஆனால் நீதிபதியை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு சிவில் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டா (சம்மன் அனுப்பக் கட்டும் கட்டணம்) கட்டியாகிவிட்டது, சம்மன் அதைக் கொண்டு சேர்க்கும் நாசர் பிரிவுக்குப் போய்விட்டது. எடுத்துக்கொண்டு போக ஆள் வேண்டும். இருக்கிற ஒருவர் தலையில் பல ஊர்களின் சம்மன் கட்டு. போகிறார், ‘கதவு பூட்டியிருக்கிறது’ என்று எழுதிக்கொண்டு திரும்புகிறார். அடுத்த வாய்தா. பிரதிவாதி 30 நாளில், மிஞ்சினால் 90 நாளில் எதிர்வழக்குரை (எழுத்தில் பதில்) தர வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் கணக்கு சம்மன் சேர்ந்த பிறகுதான் ஓடும்! சாட்சி கூண்டில் ஏறும் நாளில் தட்டச்சர் பணியிடம் காலி என்றால் நீதிபதியே கையால் எழுதுகிறார். தீர்ப்புக்குப் பின் நகல் பிரிவிலும் ஆள் பற்றாக்குறை. டிக்ரி (தீர்ப்பாணை) கிடைத்தாலும் ஜப்திக்கு அமீனா, அதாவது கோர்ட் உத்தரவை நேரில் போய் நிறைவேற்றும் ஊழியர், போனால்தான் அது காசாகும்.

இந்த ஊழியர்கள் மீது நிர்வாகக் கட்டுப்பாடு உயர் நீதிமன்றத்துக்கு. பணியிடத்துக்கு அனுமதியும் சம்பளமும் மாநில அரசிடமிருந்து வர வேண்டும். கோப்பு இரண்டுக்கும் நடுவே நடக்கிறது. புதுக் கோர்ட் திறப்பு விழா நடத்துகிறார்கள். அதற்கு எத்தனை சுருக்கெழுத்தர், எத்தனை அமீனா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

கே: சட்டப் படிப்பு முடித்த கையோடு சிவில் நீதிபதித் தேர்வு எழுதலாமா?

ப: மூன்று ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதலில் பதிவுசெய்து பிராக்டிஸ் தொடங்குங்கள்.

கே: ஓய்வு வயது உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62, உச்ச நீதிமன்றத்தில் 65. ஏன் இந்த வித்தியாசம்?

ப: அரசமைப்புச் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. மாற்ற வேண்டுமானால் திருத்தம் கொண்டுவர வேண்டும்.

கே: வக்கீல் வைக்கப் பணம் இல்லை. கணவர் ஜீவனாம்சம் தரவில்லை.

ப: உங்கள் தாலுகா கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) அனுப்பினால் தொகை, தேதி எல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்று வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அங்கே தரும் அவார்டு (சமரசத் தீர்ப்பு) மீது அப்பீல் கிடையாது. அதன் நகலையும் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.