மருந்தே தராத ஆய்வில் மாமியாரைச் சேர்க்கலாமா?

கேள்வி: என் மாமியாருக்கு 78 வயது. மூன்று வருஷமாக அல்சைமர். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. காதும் சரியாகக் கேட்காது. மறதிக்கு டோனபெசில் மாத்திரை சாப்பிடுகிறார். சாயங்காலம் ஐந்து மணியானால் "வீட்டுக்குப் போகணும்" என்று கேட்டைத் திறக்கப் போவார். சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகாது, பக்கத்து வீட்டுக்குப் போய் "மருமக சோறே போடல" என்பார். இதற்காக நான்கு மாதம் முன்பு இரவில் க்யூடியாபின் என்ற, மனக்கொந்தளிப்பை அடக்கும் மாத்திரையைச் சேர்த்தார்கள். இப்போது பகலெல்லாம் தூக்கம். பாத்ரூமில் ஒருமுறை விழுந்தும் விட்டார். மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து ஓர் ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். பயிற்சி பெற்ற பணியாளர் வீட்டுக்கே வந்து, பார்த்துக்கொள்ளும் முறையை எனக்குச் சொல்லித் தருவாராம். புது மருந்து எதுவும் கிடையாதாம். குலுக்கல் போட்டு சில குடும்பங்களுக்கு இப்போதே, மற்றவர்களுக்கு ஆறு மாதம் கழித்து. "மருந்தே தராமல் என்ன ஆராய்ச்சி?" என்கிறார் என் கணவர். "அம்மாவை வைத்துச் சோதனை எல்லாம் வேண்டாம்" என்கிறார் நாத்தனார். சேரலாமா? பாட்டு, உடற்பயிற்சி என்கிறார்களே, அவை உதவுமா? குணமே தெரியாத டோனபெசிலை நிறுத்திவிடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகச் சேரலாம். ஆனால் அதற்கு முன்பு, இந்த வாரமே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. விழுந்த பிறகு தூக்கம் கூடியிருக்கிறதா, அதற்கு முன்பே இப்படித்தானா என்று யோசித்துப் பாருங்கள். வயதானவர்களுக்குத் தலையில் லேசாக அடிபட்டாலும் உள்ளே மெதுவாக ரத்தம் கசிந்து, சில வாரங்கள் கழித்து மந்தமாகத் தெரியவரும். சந்தேகம் இருந்தால் ஒரு சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் விட்டாலும் சர்க்கரை இறங்கிச் சுருண்டு படுத்துவிடுவார்கள். அவர் அசந்து கிடக்கும் நேரத்தில் ஒருமுறை குளுக்கோமீட்டரில் பாருங்கள். சிறுநீர்த் தொற்று இருந்தாலும் இப்படி ஆகலாம். இதெல்லாம் இல்லையென்றால் க்யூடியாபின் மீதுதான் என் சந்தேகம். அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் "குறைத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது உங்கள் கணவரின் கேள்வி. மருந்து கம்பெனிகள் நடத்தும் பெரிய ஆய்வுகளில் உங்கள் மாமியாரைப் போன்றவருக்குப் பெரும்பாலும் இடம் கிடைக்காது. அல்சைமருக்குப் புதிதாக வந்த லெகானமேப் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆய்வில் 1,795 பேர் சேர்க்கப்பட்டார்கள். எல்லோரும் நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்கள். மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருப்பதை ஸ்கேனிலோ முதுகுத்தண்டு நீரிலோ உறுதிசெய்த பிறகே எடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி, 18 மாதம். முடிவில், நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில், மருந்து பெற்றவர்களுக்கும் வெற்று ஊசி பெற்றவர்களுக்கும் 0.45 புள்ளி வித்தியாசம் தெரிந்தது. விஞ்ஞானத்துக்கு இது முக்கியமான செய்திதான். ஆனால் மூன்று வருஷ நோயும் சர்க்கரையும் மந்தமான காதும் உள்ள ஒருவரை இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு எப்படிச் சமாளிப்பது என்பதற்கு அதில் பதில் இல்லை.

அந்தப் பதிலைத் தேடுவதற்குத்தான் பிராக்மாட்டிக் டிரயல் எனப்படும் நடைமுறை ஆய்வுகள் இருக்கின்றன. நோயாளியை அவருடைய மற்ற வியாதிகளோடும் குடும்பச் சூழலோடும் அப்படியே சேர்த்துக்கொள்வார்கள். சாதாரண ஊழியர்களால் செய்யக்கூடிய ஓர் உதவியைக் கொடுத்து, வழக்கமான கவனிப்போடு ஒப்பிடுவார்கள். பிரான்ஸைச் சேர்ந்த ஷ்வார்ட்ஸ், லெலூஷ் என்ற இருவர் 1967-லேயே இந்த இரண்டு வகை ஆய்வுகளுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதிவைத்தார்கள். டிமென்ஷியா, அதாவது அல்சைமர் போன்ற மறதி நோய்களின் பராமரிப்புக்கு இப்படிப்பட்ட ஆய்வுகள் வேண்டும் என்று அமெரிக்காவின் தேசிய முதுமை நிறுவனம் 2019-ல் 'இம்பாக்ட்' என்ற கூட்டமைப்பையே தொடங்கியது.

உங்களிடம் கேட்கப்பட்டதைப் போன்ற ஓர் ஆய்வு நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. கோவாவில் இரண்டு தாலுக்காக்களில், டிமென்ஷியா உள்ளவர்களைக் கவனித்துக்கொள்ளும் 81 குடும்பங்களைச் சேர்த்தார்கள். குலுக்கலில் 41 குடும்பங்களுக்கு உடனே உதவி. மீதிக் குடும்பங்களுக்கு நோயைப் பற்றிய தகவல் மட்டும் கொடுத்துக் காத்திருக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் டாக்டர்கள் அல்ல, இதற்கென்று பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள். அவர்களுக்கு மேலே ஓர் ஆலோசகரும், அவ்வப்போது வரும் மனநல மருத்துவரும் இருந்தார்கள். இந்த நோய் ஏன் இப்படிச் செய்யவைக்கிறது, கோபம் வந்தால் எப்படிப் பேசுவது, இரவில் நடமாடினால் என்ன செய்வது என்று வீட்டிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். தேவைப்பட்டால் மருந்தும் உண்டு.

2008-ல் வெளியான முடிவை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நோயாளிகளின் தொந்தரவான நடத்தை திட்டவட்டமாகக் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை. பார்த்துக்கொண்டவர்களின் மனநலம் தெளிவாக மேம்பட்டது. அந்த நடத்தையால் அவர்கள் படும் மன உளைச்சலும் குறைந்தது. நோயாளி மாறவில்லையே, இதில் என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. இருபத்துநாலு மணி நேரமும் பக்கத்தில் இருப்பவர் உடைந்துபோகாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்த வீடுகளுக்குள் போய்ப் பார்த்தால் புரியும்.

லண்டனிலும் எஸ்ஸெக்ஸிலும் நடந்த 'ஸ்டார்ட்' ஆய்வும் இந்த வழியில் போனதுதான். 260 பேர். நோயாளிக்கு எதுவும் தரப்படவில்லை. பார்த்துக்கொள்ளும் மகள், மனைவி, கணவருக்கு எட்டு அமர்வுகள், தனித்தனியாக. நடத்தியவர்கள் உளவியல் பட்டதாரிகள். அவர்களுக்கு மருத்துவத் தகுதி எதுவும் கிடையாது. நோயாளியின் எந்தச் செயல் எப்போது வருகிறது என்று குறித்துவைப்பது, "என்னால்தான் இப்படி" என்ற எண்ணத்தைக் கையாள்வது, கூச்சப்படாமல் உதவி கேட்பது, மூச்சைச் சீராக்கி உடலைத் தளர்த்துவது, பின்னால் என்ன வரும் என்று முன்கூட்டியே யோசித்துவைப்பது ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்தார்கள். பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. அந்தப் பலன் ஆறு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் இருந்தது! எட்டே அமர்வில் கிடைத்ததற்கு இவ்வளவு ஆயுள் இருப்பதை நான் அடிக்கடி குடும்பங்களிடம் எடுத்துச் சொல்வேன்.

எல்லா ஆய்வும் இப்படி நல்ல செய்தி தந்துவிடாது. பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் 54 முதியோர் பராமரிப்பு இல்லங்களை எடுத்து, அவற்றில் பாதி இல்லங்களில் ஒவ்வொருவரும் இளமையில் விரும்பிக் கேட்ட பாடல்களைத் தேடிப்பிடித்துப் போட்டுக் காட்டினார்கள். ஊழியர்களிடம் விசாரித்துக் கணக்கிட்டதில் கோபமும் அமைதியின்மையும் குறிப்பிடும்படி குறையவில்லை. இங்கிலாந்தில் 494 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினரை நான்கு மாதம் கடுமையாகவே உடற்பயிற்சி செய்யவைத்துப் பார்த்தார்கள். உடல் வலுவானது, ஆனால் மறதி வேகம் குறையவில்லை. ஆகவே "இதைச் செய்தால் ஞாபகம் திரும்பும்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மாமியாருக்குப் பிடித்த பாட்டை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். காலை நடையும் சர்க்கரைக்கு, மலச்சிக்கலுக்கு, இரவுத் தூக்கத்துக்கு நல்லது.

ஒன்று கவனியுங்கள். பிரிட்டனில் 69 இல்லங்களில் நடந்த 'வெல்ட்' என்ற ஆய்வில், ஒவ்வொருவரின் கதையையும் விருப்பத்தையும் தெரிந்து பழகும்படி ஊழியர்களைப் பயிற்றுவித்து, பேச்சுத் துணையையும் பிடித்த வேலைகளையும் கூட்டினார்கள். அங்கே வாழ்க்கைத் தரம் உயர்ந்தது, அமைதியின்மையும் குறைந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற ஆள்தான் முக்கியம் என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அதே சமயம், அமெரிக்காவில் 2,176 குடும்பங்களோடு நடந்த 'டி-கேர்' ஆய்வில் தனி ஒருங்கிணைப்பாளர் வைத்துக் கவனித்தும், 18 மாதத்தில் நோயாளியின் நடத்தையிலோ குடும்பத்தின் சுமையிலோ வித்தியாசம் தெரியவில்லை. சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை மட்டும் கூடியது. அதனால் நீங்கள் சேரும் ஆய்விலும் பலன் நிச்சயம் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. நிச்சயமாகத் தெரிந்திருந்தால் ஆய்வே தேவைப்பட்டிருக்காது.

சரி, மாத்திரைகள். டோனபெசிலை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். பிரிட்டனின் 'டொமினோ' ஆய்வில், நோய் நடுத்தர, முற்றிய நிலைக்கு வந்துவிட்ட 295 பேரை எடுத்து, சிலருக்குத் தொடர்ந்தும் சிலருக்கு நிறுத்தியும் பார்த்தார்கள். தொடர்ந்தவர்களின் நினைவுத்திறனும் அன்றாட வேலைத்திறனும் மற்றவர்களைவிட மெதுவாகத்தான் இறங்கின. வீட்டில் இருந்து பார்க்கும்போது "குணமே தெரியல" என்று தோன்றும்; ஏற்றம் கிடையாது, சரிவின் வேகம் குறைகிறது, அவ்வளவுதான். வாந்தி, எடை குறைதல், நாடித்துடிப்பு ரொம்பக் குறைதல், மயக்கம் இருந்தால் மட்டும் பேச்சு வேறு. விழுந்தவர் என்பதால் நாடியையும், எழுந்து நின்றபின் பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

க்யூடியாபின் வகையைச் சேர்ந்த மாத்திரைகளால் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2005-லேயே எச்சரித்தது. இதே வேலைக்குத் தரப்படும் வேறு சில மாத்திரைகளைச் சாப்பிட்டுவந்த 165 பேரை வைத்து பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு வருஷம் கழித்து, மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 46 சதவீதம் பேரும், வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 71 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். அடிக்க வருகிறார், பயங்கரமான உருவங்கள் தெரிந்து நடுங்குகிறார் என்றால் கொஞ்ச நாளைக்கு இவை தேவைப்படும். "சோறு போடல" என்பதற்கும் கேட்டைத் திறப்பதற்கும் இந்த விலை அதிகம்.

நாத்தனாரின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். அம்மா மேல் உள்ள பாசத்தில்தான் கேட்கிறார். ஆய்வுக்காரர் வரும் நாளில் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் இருக்கிறதா, சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய ஆய்வுப் பதிவேட்டின் எண் என்ன என்று கேளுங்கள். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். விவரத்தாள் தமிழில் இருக்க வேண்டும். இப்போது நடக்கும் சிகிச்சை அப்படியே தொடரும், எப்போது விலகினாலும் அது பாதிக்கப்படாது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். பணம் கேட்டால் கையெழுத்து வேண்டாம். குலுக்கலில் இரண்டாவது குழுவில் விழுந்தால் ஆறு மாதம் காத்திருப்பது கஷ்டம்தான். ஆனால் கஷ்டம் அதிகம் உள்ளவர்களை மட்டும் முதலில் எடுத்தால், உதவியால் நன்மை வந்ததா, தானாக வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடும். இன்னொன்று: குடும்பத்தினர் சம்மதித்தாலும், பணியாளர் வரும்போது உங்கள் மாமியார் முகம் சுளித்து "போகச் சொல்லு" என்றால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும். அவருடைய விருப்பத்துக்கும் மதிப்பு உண்டு.

அதுவரைக்கும் சில விஷயங்கள். மாலை நாலரை மணிக்கே விளக்கைப் போட்டுவிடுங்கள். இருட்டும் நிழலும் குழப்பத்தைக் கூட்டும். "இதுதானே உங்க வீடு" என்று வாதாட வேண்டாம். "போலாம் அத்தை, காபி குடிச்சிட்டுப் போலாம்" என்று உட்காரவைத்து, பிறந்த ஊரைப் பற்றிக் கேளுங்கள். அந்த வீட்டைத்தான் பல நேரம் தேடுவார்கள். சாப்பாட்டை இரண்டாகப் பிரித்து, கேட்கும்போது ஒரு இட்லியாவது கொடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட தட்டை உடனே எடுக்காமல் கண்ணில் படும்படி விடுங்கள். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பாதிச் சந்தேகம் கேட்காததால் வருவது. பக்கத்து வீட்டில் ஒருநாள் போய், இது நோய் என்று நிதானமாகச் சொல்லிவிடுங்கள். ஊர் என்ன நினைக்கும் என்ற பாரத்தை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. அதை உங்கள் கணவர் சொன்னால் இன்னும் நல்லது.

உங்கள் கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தூக்கம் எப்படி, அழுகை வருகிறதா, கடைசியாக எப்போது உங்கள் பிரஷர் பார்த்தீர்கள்? வாரத்தில் ஒரு மதியத்தைக் கணவரும், மாதத்தில் ஒன்றிரண்டு நாளை நாத்தனாரும் எடுத்துக்கொள்ளட்டும். மனம் ரொம்பத் தளர்ந்தால் அரசின் டெலிமனஸ் எண் 14416-க்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம். டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும், விழுந்த தேதியையும், ஒரு வாரத்துக்கு அவர் தூங்கிய நேரத்தை எழுதிய தாளையும் எடுத்துப் போங்கள். க்யூடியாபினைக் குறைக்கலாமா என்று முடிவெடுக்க அவருக்கு அது உதவும்.