‘நாட் டிடெக்டெட்’ என்றால் குணமாகிவிட்டது என்று பொருளன்று
எச்.ஐ.வி.க்கு மாத்திரை எடுத்துவந்த உங்கள் அண்ணன், இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘டார்கெட் நாட் டிடெக்டெட்’ (தேடிய வைரஸ் கண்டறியப்படவில்லை) என்று வந்ததும் குணமாகிவிட்டதென்று மாத்திரையை நிறுத்திவிட்டதாகக் கேட்டிருக்கிறீர்கள். அவர் நிறுத்தியது தவறு; அந்தச் சொற்களுக்கு, இரத்தத்திலுள்ள எச்.ஐ.வி. கருவி கண்டறியும் அளவுக்குக் கீழே இருக்கிறது என்றே பொருள்.

மும்பை ஏ.ஆர்.டி. மையத்தில் (எச்.ஐ.வி. மருந்து தரும் மையம்) இந்தியில் ‘வைரஸ் நஹீ திகா’ (வைரஸ் தென்படவில்லை) என்றதை, தாராவியில் தமிழ் பேசி வளர்ந்தவர் ‘நோய் இல்லை’ என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். (நம் வீடுகளில் ‘ஒன்னுமில்லையாம்’ என்றால் மருந்துச்சீட்டே குப்பைக்குப் போய்விடும்.)

‘மாத்திரை எத்தனை நாளைக்கு?’ என்று அண்ணனிடம் கேட்டு, அவர் சொற்களிலேயே சொல்லச் செய்யுங்கள். ‘குணமாகும்வரை’ என்றால் சிக்கல் அங்கேதான்; உடலில் ஒளிந்திருக்கும் வைரஸ், மருந்தை விட்டால் பெரும்பாலும் சில வாரங்களில் மீண்டும் பெருகும்.

விட்டுப்போன நாள்களை மறைக்காமல் நாளைக்கே மையத்தில் சொல்லட்டும். மொழிபெயர்க்க அக்கம்பக்கத்தாரை அழைக்காதீர்கள்; அண்ணனின் சம்மதமின்றி அவருடைய நோய்நிலையை வெளியிடுவதை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது.