சிவாவா மாநிலம்: கேட்டவையும் சொன்னவையும்

சிவாவா என்பது நாய் அல்லவா? அந்தப் பெயரில் மாநிலமுமா?

மாநிலத்தின் பெயரைத்தான் நாய்க்கு வைத்தார்கள். நாய் கைக்கு அடக்கம். மாநிலமோ மெக்சிகோவிலேயே பெரியது, சுமார் 2,47,000 சதுர கி.மீ.

முழுக்கப் பாலைவனம்தானா?

கிழக்கே பாலைவனம். மேற்கே சியரா மாத்ரே மலை, பைன் காடு, குளிர்காலத்தில் பனி. அந்த மலைகளின் நடுவே செப்புப் பள்ளத்தாக்கு; மேலே பனி பெய்யும்போது அடிவாரத்தில் ஆரஞ்சு காய்க்கும். ராராமுரி பழங்குடிகளின் ஊர்கள் அங்கேதான். மலையைக் கடந்து கடற்கரைப் பக்கம் போகும் ரயில் பாதை 1961-இல்தான் முடிந்தது.

எல்லை நதி இடம் மாறினால் நாடும் மாறுமா?

அருமையான கேள்வி. இதற்காக மெக்சிகோவும் அமெரிக்காவும் நூறு வருடம் மல்லுக்கட்டின!

1848 ஒப்பந்தப்படி ரியோ கிராண்டே நதிதான் எல்லை. மெக்சிகோவில் அதற்குப் பெயர் ரியோ பிராவோ. 1864 வெள்ளத்தில் நதி தெற்கே நகர்ந்துவிட்டது. இன்றைய ஹுவாரஸ் நகரத்துக்குச் சேர்ந்த சமிசால் என்ற நிலம் அக்கரையில், டெக்சாஸின் எல் பாசோவோடு ஒட்டிக்கொண்டது. கரை கொஞ்சம் கொஞ்சமாக அரித்தால் எல்லையும் நகரும், நதி திடீரென்று வழி மாறினால் பழைய எல்லையே நிற்கும் என்பது 1884-இல் செய்துகொண்ட உடன்பாடு. சரி, இங்கே நடந்தது எது? வழக்கே அதுதான். 1911-இல் நடுவர் குழு பெரும்பகுதி மெக்சிகோவுக்கே என்றது, அமெரிக்கா ஏற்கவில்லை. 1963-இல்தான் சமரசம். எல் பாசோ பக்கம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். அப்புறம் நதியையே கான்கிரீட் கால்வாயில் அடைத்துவிட்டார்கள். இனி அது எங்கே ஓடும்?

மெக்சிகோ புரட்சியில் படை நடத்திய பாஞ்சோ வில்லா போராளியா, கொள்ளைக்காரரா?

எந்தக் கரையில் நின்று கேட்கிறீர்கள்? சிவாவா ஆளுநராக இருந்தபோது பெரும் பண்ணையார்களின் நிலத்தைப் பறிமுதல் செய்தவர் என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். 1916 மார்ச் 9 அன்று அமெரிக்க மாநிலமான நியூ மெக்சிகோவின் கொலம்பஸ் ஊரைத் தாக்கியவர் என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். அமெரிக்கத் தளபதி பெர்ஷிங் படையோடு எல்லை தாண்டி வந்து ஏறத்தாழ ஒரு வருடம் தேடினார், வில்லா சிக்கவில்லை. 1923-இல் பரால் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். என்னைக் கேட்டால், இரண்டும்தான்.

அங்கே ஜெர்மன் பேசும் விவசாயிகள் இருக்கிறார்களாமே?

மெனோனைட் கிறிஸ்தவர்கள். கட்டாய ராணுவச் சேவை கிடையாது, சொந்தப் பள்ளி நடத்தலாம் என்று மெக்சிகோ அரசு வாக்குக் கொடுத்ததால் 1922 முதல் கனடாவிலிருந்து வந்து குவாத்தேமோக் பகுதியில் குடியேறினார்கள். அவர்களுடைய பாலாடைக்கட்டிக்கு நல்ல பெயர். கடையில் ‘கேசோ மெனோனிட்டா’ என்று கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார்கள்.