இலவச ஆன்டிவைரஸ் எது போடலாம்? – கேள்வி பதில்

திண்டுக்கல்லில் 17 வருடமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். வந்த கேள்விகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை எடுத்துப் பதில் சொல்கிறேன். எல்லாமே வீட்டில் இருக்கும் விண்டோஸ் கணினிக்கானவை.

கேள்வி (செங்கல்பட்டு, கல்லூரி மாணவரின் அப்பா): சார், பையனுக்குப் புது லேப்டாப் வாங்கினோம். கடையில, "உள்ள இருக்குற டிஃபெண்டர் சும்மா பேருக்குத்தான், 1,500 ரூபாய்க்கு ஒரு ஆன்டிவைரஸ் போட்டுக்குங்க"ன்னாங்க. இலவசமா நல்லது எதுவும் இல்லையா?

பதில்: இருக்கிறது. கடைக்காரர் பேருக்குத்தான் என்று சொன்ன டிஃபெண்டர், விண்டோஸோடு சேர்ந்தே வரும் மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸ். அதுவே வீட்டுக்குப் போதும்.

அவர் சொன்னது ஒரு காலத்தில் உண்மை. விண்டோஸ் 7-இல் டிஃபெண்டர் என்ற பெயரில் இருந்தது உளவு பார்க்கும் மென்பொருளை மட்டும்தான் தேடியது. வைரஸுக்கு, 2009-இல் வந்த செக்யூரிட்டி எசென்ஷியல்ஸைத் தனியாக இறக்கிப் போட வேண்டியிருந்தது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸ் ஆனது. முதல் சில வருடங்கள் சோதனைகளில் பின்தங்கித்தான் இருந்தது. அந்தக் கெட்ட பெயர் இன்னும் போகவில்லை. ஜெர்மனியில் மாக்டபர்க் நகரில் ஏவி-டெஸ்ட் என்ற ஆய்வகம் இருக்கிறது. பாதுகாப்பு, வேகம், பயன்பாடு மூன்றுக்கும் தலா 6 வைத்து 18-க்கு மதிப்பெண் போடுவார்கள். அதில் டிஃபெண்டர் பலமுறை முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறது.

ஒரு குறை உண்டு. டிஃபெண்டர் பாதி வேலையை இணையம் வழியாக மைக்ரோசாஃப்டின் சர்வரைக் கேட்டுத்தான் செய்கிறது. நெட் இல்லாத கணினியில் அதன் பிடி தளர்கிறது. பையன் ஹாஸ்டலில் வைஃபையோடுதான் இருப்பான், கவலை வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ரியல்-டைம் புரொடெக்ஷன், கிளவுட் புரொடெக்ஷன், டேம்பர் புரொடெக்ஷன் மூன்றும் ஆனில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோலுக்குள் போய், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் வசதியையும் ஆன் செய்யுங்கள். அந்த 1,500 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள். கடைசிக் கேள்வியில் அதற்கு ஒரு செலவு சொல்கிறேன்.

கேள்வி (ஈரோடு): லேப்டாப்போட வந்த ஆன்டிவைரஸ் ட்ரயல் முடிஞ்சிடுச்சு. தினமும் சிவப்புக் கலர்ல பயமுறுத்துது. ரெனியூ பண்ணணுமா?

பதில்: வேண்டாம், அன்இன்ஸ்டால் செய்யுங்கள். வேறு ஆன்டிவைரஸ் இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். அது போனதும் தானாக வேலைக்கு வந்துவிடும். ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் பச்சை டிக் வந்திருக்கிறதா பாருங்கள். முழுதாகப் போகாமல் அடம்பிடித்தால், அந்த நிறுவனமே ஒரு நீக்கும் கருவி தரும். அதை அவர்களுடைய தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

கேள்வி (அம்பத்தூர்): ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டா டபுள் பாதுகாப்புதானே அண்ணா?

பதில்: இல்லை தம்பி. நீங்கள் ஒரு ஃபைலைத் திறந்தால், அது திறப்பதற்கு முன்னால் ஆன்டிவைரஸ் நடுவில் புகுந்து பார்க்கும். இரண்டு இருந்தால், ஒன்று தொட்டதை மற்றது பிடிக்கும், அது பிடித்ததை இது சோதிக்கும். கணினி திணறும். காவலுக்கு ஒன்றே போதும். சந்தேகம் வரும்போது மட்டும் ஓட்டிப் பார்க்க மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு நல்லது. 14 நாள் ட்ரயல் முடிந்ததும் அது பின்னணியில் ஓடாது. நீங்கள் ஸ்கேன் கொடுத்தால் மட்டும் வேலை செய்யும்.

கேள்வி (கோவை, ஐடி ஊழியர்): அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, பிட்டிஃபெண்டர், காஸ்பர்ஸ்கை எல்லாத்துக்கும் இலவசப் பதிப்பு இருக்கே. டிஃபெண்டர் வேண்டாம்னா எதை எடுக்கலாம்?

பதில்: முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஐந்தில் மூன்று ஒரே வீடு. அவாஸ்ட் 2016-இல் ஏவிஜியை வாங்கியது. நார்ட்டன் நிறுவனம் அவிராவை வாங்கியது. 2022-இல் நார்ட்டனும் அவாஸ்டும் சேர்ந்து ஜென் டிஜிட்டல் என்றானது. பெயர் மாற்றி மாற்றிப் போட்டாலும் லாபம் ஒரே கல்லாவுக்குத்தான் போகிறது.

இலவசமாகத் தருபவர்கள் சம்பளத்துக்கு என்ன செய்கிறார்கள் என்பதை நாம் கேட்டே ஆக வேண்டும். அவாஸ்டுக்கு ஜம்ப்ஷாட் என்று ஒரு துணை நிறுவனம் இருந்தது. அவாஸ்ட் போட்டிருந்த மக்கள் எந்தத் தளத்துக்குப் போனார்கள், எதைத் தேடினார்கள் என்ற விவரத்தை அது மற்ற நிறுவனங்களுக்கு விற்றது. 2020 ஜனவரியில் செய்தி வெளியானதும் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-இல் அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. உலாவல் விவரத்தை விளம்பரத்துக்காக விற்கவும் தடை போட்டது. வீட்டுக்குக் காவல் வைத்த ஆளே, யார் வந்தார்கள் போனார்கள் என்று தெருவில் விற்றால் எப்படி இருக்கும்? எனக்கு இன்றும் அந்தக் கோபம் ஆறவில்லை. அவர்கள் வைரஸ் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் என் அம்மாவின் கணினியில் போட மாட்டேன்.

காஸ்பர்ஸ்கை வைரஸ் பிடிப்பதில் முதல் வரிசை. ரஷ்ய நிறுவனம் என்பதால் 2024-இல் அமெரிக்க அரசு அங்கே விற்பனைக்கும் அப்டேட்டுக்கும் தடை போட்டது. அந்தத் தடை அமெரிக்காவுக்குள் மட்டும்தான். முடிவு உங்களுடையது.

மிச்சம் இருப்பது ருமேனியாவின் பிட்டிஃபெண்டர். இலவசப் பதிப்பில் வசதிகள் குறைவு, தொல்லையும் குறைவு. டிஃபெண்டர் பிடிக்காதவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

கேள்வி (மடிப்பாக்கம்): சென்னைக் கம்பெனி கே7, புனே குவிக் ஹீல் எல்லாம் எப்படி?

பதில்: கே7 1991 முதல் இருக்கிறது, இரண்டுமே அனுபவசாலிகள். ஆனால் முழுத் தயாரிப்பு காசு கொடுத்து வாங்குவதுதான். இலவசமாகக் கிடைப்பது ட்ரயல். ஐந்தாறு கணினி வைத்துப் பில் போடும் கடை என்றால் வாங்குங்கள், கூப்பிட்டால் பேச ஆள் இருப்பார்கள். வீட்டுக்கு அவசியமில்லை.

கேள்வி (பழனி, பள்ளி ஆசிரியை): ஜெராக்ஸ் கடையில பென்டிரைவ் கொடுத்து வினாத்தாள் பிரிண்ட் எடுத்தேன். வீட்டுக்கு வந்து போட்டா எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட் ஆகிடுச்சு. ஃபைல் எல்லாம் போச்சா?

பதில்: போகவில்லை டீச்சர். பென்டிரைவை ஃபார்மட் மட்டும் செய்துவிடாதீர்கள். மாதம் நாலு பேராவது இதோடு என் கடைக்கு வருகிறார்கள்.

அந்த வைரஸ் உங்கள் ஃபைல்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கிறது. ஐகானின் இடது கீழ் மூலையில் குட்டி அம்புக்குறி தெரியும், பாருங்கள். நீங்கள் "10ஆம் வகுப்பு" என்ற ஃபோல்டரைத் திறப்பதாக நினைத்து அதை டபுள் கிளிக் செய்தால், முதலில் வைரஸ் ஓடி உங்கள் கணினிக்குள் இறங்கும். பிறகு ஃபோல்டரும் திறக்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இதுவரை கிளிக் செய்யவில்லை என்றால், பென்டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரில் ஸ்கேன் கொடுங்கள். பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதிக்குப் போய், மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். சிலசமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் மொத்தமும் கிடக்கும். இன்னும் தெரியவில்லை என்றால், ஆப்ஷன்ஸில் சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். தேவையானதை மட்டும் கணினிக்கு நகல் எடுத்துவிட்டு, அதன் பிறகு பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். ஏற்கெனவே கிளிக் செய்துவிட்டீர்கள் என்றால், டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஒன்று ஓட்டுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே தேடும்.

இனி பிரிண்டுக்குத் தனியாக ஒரு சின்ன பென்டிரைவ் வையுங்கள். அதில் அன்றைக்கு வேண்டிய பிடிஎஃப் மட்டும் இருக்கட்டும்.

கேள்வி (மதுரை, போட்டோகிராபர்): போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர் கிராக் போடும்போது டிஃபெண்டர் அதை அழிச்சிடுது. டிஃபெண்டரை ஆஃப் பண்ணிட்டுப் போடச் சொல்லி வீடியோவுல சொல்றாங்க. பண்ணலாமா அண்ணே?

பதில்: பண்ணாதீர்கள். கிராக் என்பது காசு கட்டாமல் மென்பொருளின் பூட்டை உடைக்கும் திருட்டுக் கருவி. உங்கள் தொழில்காரர் ஒருவருக்கு நடந்ததையே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஸ்டுடியோக்காரர் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீங்கள் கேட்டதே கதை: டிஃபெண்டரை ஆஃப் செய்து கிராக் ஓட்டியிருக்கிறார். கல்யாண ஃபோல்டரைத் திறந்தேன். முகூர்த்தம், நலங்கு, ரிசப்ஷன் என்று பெயர்கள் அப்படியே இருந்தன. ஆனால் ஒவ்வொரு படத்தின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நாலு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு ரீட்மீ ஃபைல்: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் 490. பேக்கப் டிஸ்க் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, அதுவும் கணினியில் சொருகியே இருந்தது என்றார். அதிலும் அதே நாலு எழுத்து.

அது ஸ்டாப் அல்லது டிஜேவியு என்று சொல்லப்படும் ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். வீட்டுக் கணினிகளைத்தான் குறிவைக்கும், கிராக் வழியாகத்தான் அதிகம் பரவும். 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இதற்கு இலவசமாகப் பூட்டு திறக்கும் கருவி வெளியிட்டது. பழைய வகைகளுக்கு அது கைகொடுக்கும். அவருக்கு வந்தது புது வகை. பெரிய ஃபைலில் இது முதல் 150 கேபி அளவுதான் பூட்டும் என்பதால், சில வீடியோக்களை ஒட்டுப்போட்டு எடுக்க முடிந்தது. படங்கள் வரவில்லை. அந்தக் கல்யாணப் பெண்ணின் வீட்டுக்குப் போன் செய்ய அவர் என் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றார்.

காவல்காரனை அனுப்பிவிட்டு உள்ளே வா என்று ஒருவன் கூப்பிட்டால், அவன் எதற்குக் கூப்பிடுகிறான்? கிம்ப், கிரிட்டா, டார்க்டேபிள் மூன்றும் இலவசம். பழக ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதத்தைக் கொடுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): பல வருஷமா நான் பயன்படுத்துற தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரை வைரஸ்னு சொல்லுது. உண்மையா?

பதில்: பெரும்பாலும் இருக்காது. நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் நடுவில் பிடித்துத் தமிழாக மாற்றுவதுதான் அந்த மென்பொருளின் வேலை. பாஸ்வேர்டு திருடும் கீலாகரும் அதே இடத்தில்தான் நின்று பிடிக்கும். ஆன்டிவைரஸுக்கு இரண்டும் ஒரே சாயல்.

ஆனாலும் சோதித்துவிடுங்கள். வைரஸ்டோட்டல் தளத்தில் அந்த இன்ஸ்டாலரை ஏற்றினால், சுமார் 70 ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். ஸ்பெயினில் தொடங்கியது, 2012-இலிருந்து கூகுளிடம் இருக்கிறது. 70-இல் இரண்டு மூன்று மட்டும் சிவப்பு காட்டி, பெரிய பெயர்கள் எல்லாம் பச்சை என்றால், தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிப் போடலாம். முப்பது நாற்பது சிவப்பு என்றால் தொடாதீர்கள். ஆதார், பத்திரம் போன்ற சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்றவே கூடாது. ஏற்றியதைப் பாதுகாப்பு நிறுவனங்கள் எடுத்துப் பார்க்க முடியும்.

கேள்வி (நாகர்கோவில்): விண்டோஸ் 10, 4 ஜிபி ராம். 11 ஏறாதுன்னு சொல்லுது. நல்ல ஆன்டிவைரஸ் போட்டா ஓட்டிடலாமா?

பதில்: ஆன்டிவைரஸ் விண்டோஸில் இருக்கும் ஓட்டையை அடைக்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. டிஃபெண்டருக்கு வைரஸ் அடையாளங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்கிறார்கள். ஆனால் விண்டோஸிலேயே புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது.

வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் நினைவிருக்கிறதா? அதற்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டது. தாக்குதல் வந்தது மே 12. நடுவில் இரண்டு மாதம் இருந்தும் அப்டேட் போடாத கணினிகள்தான் மாட்டின. எந்த ஃபைலையும் கிளிக் செய்யாமலே நெட்வொர்க் வழியாகப் புகுந்தது.

மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்து, நீட்டித்த அப்டேட்டுக்குப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம் என்று அறிவித்தார்கள். அதைத் தாண்டியும் அந்தக் கணினியை வைத்திருக்க நினைத்தால், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போடுங்கள். 4 ஜிபியில் அதன் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்பு நன்றாகவே ஓடும். கடிதம் அடிக்க, யூடியூப் பார்க்க, பேங்க் வேலைக்குப் போதும்.

கேள்வி (திருச்சி): திடீர்னு ஸ்கிரீன் முழுக்க சிவப்பாகி, "உங்கள் கணினி முடக்கப்பட்டது, இந்த நம்பருக்குப் பேசவும்"னு சத்தம் போட்டுச்சு. அப்பா பயந்து போன் பண்ணிட்டார்.

பதில்: அது வைரஸ் இல்லை, வெறும் வெப் பக்கம். எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். நகரவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள்.

அப்பா பேசியதோடு நிறுத்தினாரா, தூரத்திலிருந்து கணினியை இயக்க விடும் எனிடெஸ்க் மாதிரி ஏதாவது போடச் சொன்னார்களா என்று கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள், அப்போதுதான் முழுதும் சொல்வார். போட்டிருந்தால் உடனே நெட்டைத் துண்டித்து அதை நீக்குங்கள். வேறொரு கருவியிலிருந்து பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தைப் பாதி வழியில் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

கேள்வி (காரைக்குடி, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை): தம்பி, என் கணவர் இறந்து மூணு வருஷம் ஆச்சு. அவர் படம், பேசின வீடியோ எல்லாம் இந்த ஒரு கம்ப்யூட்டர்லதான் இருக்கு. எந்த ஆன்டிவைரஸ் போட்டா பத்திரமா இருக்கும்?

பதில்: அம்மா, அதற்கு எந்த ஆன்டிவைரஸும் உத்தரவாதம் தராது. வைரஸே வராவிட்டாலும் ஹார்ட் டிஸ்க் ஒருநாள் தானாக நின்றுபோகும். முதல் கேள்வியில் மிச்சம் வைக்கச் சொன்ன காசு இந்தச் செலவுக்குத்தான். கூடக் காசு போட்டு வெளியே சொருகும் டிஸ்க் இரண்டு வாங்குங்கள்.

இரண்டிலும் மொத்தத்தையும் நகல் எடுங்கள். எடுத்து முடித்ததும் கழற்றிவிட வேண்டும். சொருகியே வைத்ததால்தான் அந்த ஸ்டுடியோக்காரரின் பேக்கப்பும் போனது. ஒன்று உங்கள் பீரோவில் இருக்கட்டும். இன்னொன்றை வெளியூரில் இருக்கும் பிள்ளையிடமோ தங்கையிடமோ கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் முன் அதைப் பக்கத்து வீட்டுக் கணினியில் சொருகி, அவர் பேசும் வீடியோ ஒன்றை ஓடவிட்டு, குரல் கேட்கிறதா என்று பாருங்கள்.