தட வழக்கும் வாத்தியார் வேலையும்

கேள்வி: கோவையில் சட்டம் படித்து முடித்த என் மகள், கோர்ட்டுக்குப் போகமாட்டேன், எல்.எல்.எம். படித்து வாத்தியாராகத்தான் போவேன் என்கிறாள். 'வாதாட வராதவன்தான் பாடம் நடத்தப் போவான்' என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். என்னங்க பண்றது?
— ஒரு தகப்பன், காங்கேயம்

பதில்: முதலில் சிரித்தவர்களுக்கு. மதுரா என்ற பழங்குடிப் பெண்ணின் பலாத்கார வழக்கில் போலீஸ்காரர்கள் இருவரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 1979-ல் அதை எதிர்த்துத் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியவர்கள் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார் உள்ளிட்ட 4 சட்ட ஆசிரியர்கள். அதைத் தொடர்ந்து கிளம்பிய போராட்டம் 1983-ல் சட்டத்தையே திருத்த வைத்தது. வாதாட வராதவர்கள் செய்த வேலை இது!

சரி, இனி உங்களுக்கு. எல்.எல்.எம்.மில் 55 சதவீதம் வாங்கி, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் தேறி, அப்புறம் அரசுக் கல்லூரி வேண்டுமென்றால் ஆசிரியர் தேர்வு வாரியம் எப்போது அறிவிக்கும் என்று காத்துக்கிடக்க வேண்டும். வருஷம் தவறாமல் வர அது மாரியம்மன் நோம்பி அல்ல. அதுவரை கௌரவ விரிவுரையாளர் சம்பளம்தான். தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. கோர்ட் வேண்டாம் என்று மகள் ஏன் சொன்னாள் என்பது உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்டீர்களா? படிப்பில் ஆசை என்றால் தடுக்காதீர்கள். கூச்சம், பயம் என்றால் வகுப்பறையும் அவளைக் காப்பாற்றாது. உதாரணத்துக்கு, பக்கத்துத் தோட்டத்து வழியாக 20 வருஷம் தடையில்லாமல், உரிமையோடு போய்வந்தால் அந்தத் தடம் பாத்தியமாகிவிடும் என்று அடுத்தவர் நிலத்தில் வழி போன்ற உரிமைகளைப் பற்றிய 1882-ம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டத்தின் 15-ம் பிரிவு சொல்கிறது. புத்தகத்தைப் பார்த்து யாரும் இதை ஒப்பிக்கலாம். அந்த 20 வருஷத்தை நிரூபிக்க எந்தப் பெரியவரைக் கூண்டில் ஏற்றுவது, பத்திரத்தில் 'மாமூல் வண்டித்தடம்' என்று எழுதியிருந்தால் டிராக்டர் போகலாமா என்று மாணவன் கேட்பான். கோர்ட் வராந்தாவில் நிற்காதவர் அங்கே முழிப்பார்.

முழுநேரப் பேராசிரியர் ஆகிவிட்டால் வக்கீல் கோட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும். ஆனால் 1979-ம் வருஷத்து விதிப்படி, தொழில் செய்யும் வக்கீல் தினமும் 3 மணி நேரம் வரை சட்டம் கற்பிக்கலாம். இரண்டு வருஷம் அப்படி ஓட்டிப் பார்க்கட்டும். சிரித்த சொந்தக்காரர்களில் ஒருவருக்காவது தட வழக்கு இல்லாமலா இருக்கும்? அந்த வழக்குக் கட்டை வாங்கி முதலில் அவள் கையில் கொடுங்கள்.